பிந்திக் கிடைத்த பள்ளிக்கூடம்

வட இலங்கையில் உபாத்தியாயர்கள் மலிந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, விஜயதசமியன்று ஏடு தொடக்கிய நாள் முதல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற நாள் வரை ஒரு சதமேனும் கட்டணம் செலுத்தாமல் படித்து, பின்னர் அதே ஊரில் ஆசிரியனாகவும் அமர்ந்தவன் நான். கல்வி என்பது ஒருவர் கொடுக்க ஒருவர் பெறுகிற பொருள் என்பதும், கொடுப்பவர் மனம் மாறினால் அது இல்லாமலே போய்விடக் கூடும் என்பதும் எனக்கு வெகுகாலம் புத்தகச் செய்திகளாகவே இருந்தன. அவை கண்முன்னே நிற்கும் மனிதரின் வாழ்க்கையாகப் பிரத்தியட்சமானது, கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் வயது வந்த குடிவரவாளர்களுக்கு ஆங்கிலம் போதிக்கும் தொழிலை மேற்கொண்ட பின்னர்தான். ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்ட இந்தச் சமயத்தில், அத்தொழிலில் கண்டவற்றுள் சிலவற்றையேனும் எழுதி வைக்க வேண்டும் என்று மனம் உந்துகிறது.

புதிதாக வந்து குடியேறுவோருக்கு மொழி கற்பிக்க இந்நாட்டின் மத்திய அரசாங்கம் 1992ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை ஏற்படுத்தியது. அதன் நீண்ட பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. 'லிங்க் வகுப்பு' என்றால் சோமாலியரும் சீனரும் தமிழரும் ஒருங்கே அறிவர். வருகிறவரை முதலில் ஒரு மதிப்பீட்டு நிலையத்துக்கு அனுப்பி, கேட்கவும் பேசவும் வாசிக்கவும் எழுதவும் அவருக்குள்ள ஆற்றலைத் தனித்தனியே சோதித்து, பன்னிரண்டு படிகள் கொண்ட ஓர் அளவுகோலில் அவர் நிற்கும் இடத்தைக் குறித்து, அதற்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். கட்டணம் கிடையாது. தேவாலயத்தின் நிலவறை, பொது நூலகத்தின் மாடி, கடைத்தொகுதியில் வாடகைக்கு எடுத்த அறை, பிள்ளைகளின் தொகை குறைந்துபோன பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதி என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பாகும். தம் நாட்டில் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கௌரவமாக வாழ்ந்துவிட்டு இங்கே வந்து வாய் திறக்கத் தயங்குவோர் ஓர் அறையில் இருப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடை நடத்தியவர்கள் இன்னோர் அறையில் இருப்பார்கள். என் பங்குக்கு வந்தது, தாய்மொழியிலேனும் எழுதப் படிக்க அறியாதவர்களுக்கென்று தனியே நடத்தப்படும் எழுத்தறிவு வகுப்பு. மற்ற வகுப்புகளிலும் போதித்திருக்கிறேன்; மனம் தங்கிப்போனது இங்கேதான்.

பள்ளிக்கூடத்தையே கண்டிராத ஒருவருக்கு எழுத்துக் கற்பிப்பதென்றால் எழுத்திலிருந்து தொடங்குவதுதானே என்று எண்ணுவோர் பலர். எழுத்துக்கு முன்னே கற்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. ஐம்பது வருஷம் மண்வெட்டியும் பாத்திரமும் பிடித்த கை பென்சிலை முழு விரல்களாலும் பற்றி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தும். அரை மணி நேரத்துக்குள் முன்கை நொந்துபோகும். கொப்பியில் கோடு எதற்காக இருக்கிறது, பக்கத்தின் தலைப்பு எது அடி எது, ஒரு வரி முடிந்தால் கண் எங்கே திரும்ப வேண்டும் என்பனவெல்லாம் நம்மில் யாருக்கும் எப்போது கற்றோம் என்று ஞாபகம் இல்லாத வித்தைகள். அவர்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடம். படத்தைக் கண்டு பொருளை உணர்வதுகூட அப்பியாசத்தால் வருவதே. பாடப்புத்தகத்தில் மணிக்கட்டோடு வரைந்திருந்த கைப்படத்தைக் கண்டு, இந்த மனிதனின் கையை வெட்டியது யார் என்று மெய்யாகவே பதறிக் கேட்டவர் ஒருவர் என் வகுப்பில் இருந்தார். யுத்தத்திலிருந்து தப்பி வந்த அவர் அப்படிக் கேட்டதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகையால் நான் படங்களை ஒதுக்கிவிட்டு, வெங்காயத்தையும் மருந்துப் போத்தலையும் பஸ் அட்டையையும் வீட்டு வாடகை ரசீதையும் மேசையின்மேல் வைத்தே பாடம் நடத்திப் பழகினேன்.

இவற்றினும் ஆழமான ஒரு சிரமம் உண்டு. இத்தொழிலுக்கு வரும் இளைய ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஒரு சொல்லைச் சொல்லி, அதன் முதல் ஒலியை மாத்திரம் பிரித்துச் சொல்லுங்கள் என்றால், எழுத்தறிந்த சிறு குழந்தை உடனே சொல்லிவிடும். எழுத்தறியாத பெரியவர், பேச்சில் எவ்வளவு வல்லவராயினும், நாம் எதைக் கேட்கிறோம் என்றே விளங்காமல் திகைப்பார். 1979ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் ஏழை விவசாயிகளிடையே இதை ஆராய்ந்த ஜோசே மொராயிஸ் முதலிய அறிஞர்கள், சொல்லை ஒலிகளாகப் பகுத்தறியும் சக்தி வயதோடு தானே முதிர்வதன்று, எழுத்தைக் கற்பதன் பயனாகவே வருவது என்று கண்டார்கள். அவர்கள் கண்டவற்றுள் எனக்கு மிகவும் பிரியமானது வேறொன்று: அதே ஊர்களில், அதே வறுமையில், வளர்ந்த பின்னர் எழுத்தறிவு வகுப்புக்குச் சென்று கற்றவர்களிடம் அந்தச் சக்தி உண்டாகியிருந்தது. புத்தியில் குறை இல்லை. கால தாமதமும் பெரிய தடையன்று. யாரோ ஒருவர் வகுப்பு நடத்தினார், இவர்கள் போனார்கள் என்பது ஒன்றே வித்தியாசம். என் முன்னே உட்கார்ந்து ஒரு மணி நேரமாக ஒரே எழுத்தோடு போராடுகிற பெரியவரைப் பார்த்துப் பொறுமை குறையும் என்று அஞ்சும் இளைய ஆசிரியர் எவருக்கும் இந்தச் செய்தியைவிட நல்ல மருந்து இல்லை.

சொற்களுக்குப் பிறகு வாக்கியம். அதற்கு நான் கைக்கொண்ட முறை, மாணவர் வாயிலிருந்து வருவதையே பாடமாக்குவது. ஒருவர் தம் வாழ்க்கையில் நடந்த ஒரு செய்தியைத் தமக்கு வந்த ஆங்கிலத்தில் சொல்ல, நான் அதைக் கரும்பலகையில் எழுத, எல்லோரும் சேர்ந்து வாசித்து, பிறகு தத்தம் கொப்பியில் பார்த்து எழுதுவார்கள். தாம் சொன்ன வாக்கியம் ஆதலால் அதன் பொருளை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள சம்பந்தம் அவருக்கு அங்கேதான் முதன்முதலாகப் புலப்படும். வெகு எளிய வாக்கியங்களே வரும்: மகன் இரவு வேலைக்குப் போனான், பனி பெய்தது, பஸ் வரவில்லை.

காபூலிலிருந்து பாகிஸ்தான் வழியாக வந்த ஒரு பெண்மணியின் முறை ஒருநாள் வந்தது. 1996ஆம் ஆண்டு செப்டெம்பரில் தலிபான்கள் அந்நகரைக் கைப்பற்றிப் பெண்களுக்கான பள்ளிக்கூடங்களை மூடியபோது, அவர் முதலாம் வகுப்பில் சேரும் வயதில் இருந்தார். 2002இல் பள்ளிகள் மறுபடி திறந்தபோது, பன்னிரண்டு வயதுப் பெண்ணைச் சிறு பிள்ளைகளோடு உட்கார வைப்பதா என்று வீட்டார் தயங்கினார்கள். தயக்கம் தீருமுன் கலியாணம் ஆகிவிட்டது. அன்று அவர் சொன்ன வாக்கியங்கள் மூன்று. என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். என் தங்கையின் மகள் காபூலில் வீட்டில் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே வயது. 2021இல் ஆட்சிக்குத் திரும்பிய தலிபான்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுத்ததும், அடுத்த ஆண்டு டிசெம்பரில் பல்கலைக்கழகங்களையும் அவர்களுக்கு அடைத்ததும் பத்திரிகையில் வாசித்தவையே. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களையும் வகுப்பு முழுவதும் சேர்ந்து உரக்க வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் அழவில்லை. 'தங்கை' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் எழுத்துக் கூட்டலைச் சரியாகப் பார்த்து எழுதுவதிலேயே அவருடைய கவனம் முழுவதும் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சரித்திரத்தைச் சோமாலிய மூதாட்டி ஒருவரிடம் கண்டேன். வகுப்புக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளங் கண்டு உச்சரிக்கலானார். ஆனால் ஆங்கில அரிச்சுவடியின் மூன்றாம் எழுத்தைக் கண்டால் அடித்தொண்டையிலிருந்து ஒரு விசித்திரமான ஒலியை எழுப்பினார். விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. சோமாலிய மொழிக்கு 1972ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் ஓர் எழுத்தை நிர்ணயித்தது; அது இலத்தீன் எழுத்து; ஆங்கிலத்தின் அந்த மூன்றாம் எழுத்து அங்கே தொண்டை ஒலிக்கே உரியது. 1974இல் இடைநிலைப் பள்ளிகளை ஓராண்டு மூடி, அவற்றின் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டுப்புறத்துக்கும் ஒட்டகம் மேய்த்துத் திரியும் குடிகளிடத்துக்கும் எழுத்துக் கற்பிக்க அனுப்பினார்கள். அப்படி வந்த ஓர் இளைஞன், இவருடைய தந்தையின் மந்தையோடு தானும் இடம்விட்டு இடம் பெயர்ந்து, நிழல் கண்ட இடத்தில் பலகையைச் சார்த்திவைத்துச் சில மாதங்கள் போதித்தான். பிறகு பஞ்சம் வந்தது, கலியாணம் வந்தது, 1991இல் நாடே சிதைந்தது, கென்யாவின் அகதி முகாமில் வருஷங்கள் கழிந்தன; எழுத்து மறக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் செய்த காரியம் நாற்பது வருஷங்களுக்குப் பின்னர் வேறொரு கண்டத்தில் எனக்குப் பாதி வேலையை மிச்சமாக்கித் தந்தது. அவனுடைய பெயர் அந்த அம்மையாருக்கு நினைவிருக்கிறது. உயிரோடு இருக்கிறானோ என்பது தெரியவில்லை.

இவ்விருவரையும் ஒரே மேசையில் கண்டு பழகியதிலிருந்து, எனக்குக் கிடைத்த கல்வியைப் பற்றியும் வேறு விதமாக எண்ணத் தொடங்கினேன். இலங்கையில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்றானது 1945ஆம் ஆண்டு அக்டோபரில். கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவும் அவரைச் சேர்ந்தோரும் பலத்த எதிர்ப்புக்கிடையே நின்று நிறைவேற்றிய தீர்மானம் அது. அந்தத் தீர்மானத்தின் பிள்ளை நான். பின்னாளில், 1990க்குப் பிறகு மின்சாரமும் தடைப்பட்டு மண்ணெண்ணெயும் அருமையான காலத்தில், ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்ட விளக்கின்முன் குனிந்து என் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள் என்றால், அத்தனை ஊக்கமும் அந்த உரிமை தமக்குண்டு என்ற நிச்சயத்திலிருந்து பிறந்ததே. ஆயினும் எங்கள் யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையைப் பேசுகிறவர்கள் ஒன்றை மறைத்துப் பேசலாகாது. அரசாங்க நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக உட்கார வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் விதி வந்தபோது, தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் வாங்கில் ஏறுவதைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். கதவை அடைக்கும் கைகள் தூர தேசத்தில்தான் உண்டு என்று எண்ண எனக்கு உரிமை இல்லை.

அந்த இலவசக் கல்வியும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை எட்டவில்லை. தோட்டப் பள்ளிகள் துரைமார் நிர்வாகத்திலேயே இருந்து, எழுபதுகளில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்தாம் வகுப்போடு முடிவு. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் பிறந்து, 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் கிளிநொச்சிக்கு இடம்பெயர்ந்து, முதுமையில் மகனுடைய ஆதரவில் ஸ்காபரோவுக்கு வந்த ஒரு தாயார் என் வகுப்பில் சேர்ந்தார். லயத்துக்கு எதிரேயே பள்ளிக்கூடம் இருந்தும், தாய் கொழுந்து பறிக்கப் போக, கைக்குழந்தையை வைத்துக்கொள்ள மூத்த பெண் வேண்டும் என்பதால், அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றதுண்டு என்றார். பிறகு தம் பிள்ளைகள், பிறகு இங்கே பேரப்பிள்ளைகள். மகனும் மருமகளும் மாறி மாறித் தொழிற்சாலைக்குப் போகிற வீட்டில் குழந்தைகளைப் பார்ப்பவர் அவர்தான். ஒன்ராரியோ மாகாணத்தில் நான்கு வயதுக் குழந்தைக்கும் முழுநாட் பாலர் வகுப்பு உண்டு. கடைசிப் பேரன் அதில் சேர்ந்த அதே செப்டெம்பரில் அவரும் என்னிடம் வந்து சேர்ந்தார். “மாஸ்டர், இப்பத்தான் என் முறை வந்திருக்கு” என்று, தமிழன் ஒருவன் ஆசிரியனாக இருக்கக் கண்ட ஆறுதலில், முதல் நாளே தமிழில் சொன்னார். வகுப்பில் மற்றவர்கள்முன் தமிழ் பேசுவது மரியாதையன்று என்று பின்னர் தாமே நிறுத்திக்கொண்டார்.

இங்கே ஒரு சட்ட விவரத்தைச் சொல்ல வேண்டும். இந்நாட்டுப் பிரஜையாக விரும்புகிறவர் பதினெட்டு முதல் ஐம்பத்துநான்கு வயதுக்குள் இருந்தால், மொழியளவுகோலில் நான்காம் படி அளவுக்குப் பேசவும் கேட்கவும் வல்லவர் என்று காட்ட வேண்டும். ஐம்பத்தைந்தை எட்டியவர்களுக்கு அந்த நிர்ப்பந்தமும் இல்லை, பரீட்சையும் இல்லை. இவர்களுக்கு வேலை தேடும் அவசியமும் பெரும்பாலும் இல்லை. அப்படியிருந்தும் என் வகுப்பில் எப்போதும் பாதிப் பேருக்கு மேல் அந்த வயதைக் கடந்தவர்களே. உடம்பை ஊடுருவும் ஜனவரிக் குளிரில் இரண்டு பஸ் மாறி வந்து, சப்பாத்திலிருந்து பனியைத் தட்டிவிட்டு, ஒன்பது மணிக்குக் கொப்பியைத் திறந்து வைக்கிறார்கள். கல்வியினால் என்ன பிரயோஜனம் என்று கணக்குப் பார்த்துப் பேசுகிற எவரும் ஒருநாள் காலையில் வந்து இவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். பிரயோஜனம் இல்லாமலும் இல்லை. வைத்தியரிடம் போகும்போது பத்து வயதுப் பேத்தியைப் பள்ளியிலிருந்து மறித்து அழைத்துப் போய், பெரியவர் சொல்லக் கூசும் உபாதைகளைக் குழந்தை வாயால் சொல்ல வைக்கிற அவல நிலை பல வீடுகளில் உண்டு. தம் நோயைத் தாமே சொல்லத் தெரிந்துகொண்ட அன்று மூதாட்டி ஒருவருக்கு வீட்டில் திரும்பக் கிடைத்த கௌரவத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை செய்யும் மக்களைத் தேடிக் கல்வி போக வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த அல்பிரட் பிற்ஸ்பற்றிக் என்ற சமய குரு 1899ஆம் ஆண்டில் வட ஒன்ராரியோவின் மரம் வெட்டும் முகாம்களில் வாசிப்புக் குடில்களை நிறுவினார். பகலில் தொழிலாளரோடு தொழிலாளராகக் கோடரி பிடித்து, இரவில் அவர்களுக்கே எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர்களை அனுப்பினார். பின்னாளில் சீனத்தில் பெரும் பெயர் பெற்ற மருத்துவர் நோர்மன் பெத்தியூனும் இளமையில் அப்படிப் போனவரே. அந்தக் குடில்களில் படித்தவர்களில் பலர் அன்றைய குடிவரவாளர்கள்: பின்லாந்தியர், உக்ரேனியர், இத்தாலியர். ஆள் களைத்திருக்கும் நேரமும் ஓய்ந்திருக்கும் நேரமும் எதுவென்று பார்த்து வகுப்பை அமைக்க வேண்டும் என்ற பிற்ஸ்பற்றிக்கின் அறிவை இன்றைய அலுவலகங்கள் முழுவதும் கைக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. காலை வகுப்புகளே அதிகம். இரவு வேலை முடித்து நேரே வந்து, பத்து மணிக்கு மேல் கண்ணைத் திறந்து வைக்க முடியாமல் தத்தளிக்கும் மனிதர்களும் அதனால் அதிகம். ஏஜன்சி மூலம் வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாள் இரவு வரை மறுநாள் வேலை உண்டா என்பது தெரியாது. அழைப்பு வந்தால் வகுப்பை விட்டே ஆக வேண்டும். வராதவர் பெயரின் எதிரே இடும் குறி இந்த வித்தியாசம் எதையும் காட்டாது.

வர விரும்பியும் எங்களிடம் சேர முடியாதவர்களும் உண்டு. அகதிக் கோரிக்கை இன்னும் தீர்மானமாகாதவர்களை மத்திய அரசின் வகுப்பில் சேர்க்க இயலாது. பிரஜையானவர்களையும் சேர்க்க இயலாது. மாகாண நிதியில் பள்ளிச் சபைகள் நடத்தும் வகுப்புகளுக்கு அவர்களை அனுப்பி வைப்போம். அனுப்பியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்களா என்று அறிய வழியில்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறை.

செலவைச் சுருக்க வேண்டிய காலங்களில், எதை நிறுத்தினால் நஷ்டம் குறைவு என்று மேலதிகாரிகள் எங்களிடமும் அபிப்பிராயம் கேட்பதுண்டு. கணினி, புத்தகம், சுற்றுலா, ஆசிரியர் நேரம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். வகுப்பறைக்கு அடுத்தாற்போல், சிறு குழந்தைகளை இரு பெண்கள் பார்த்துக்கொள்ளும் ஓர் அறை இருக்கிறது. தாய்மார் எழுதிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து அழுகுரல் கேட்கும். ஒரு தாய் தலை நிமிர்ந்து தன் குழந்தையின் குரலா என்று காது கொடுத்துவிட்டு, இல்லையென்று கண்டு மறுபடி கொப்பிக்குத் திரும்புவாள். காபூல் பெண்மணியின் கடைக்குட்டி அங்கேதான் இருந்தது. அந்த அறையை மூடினால் மறுநாளே என் வகுப்பில் யார் யார் வரமாட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொல்ல என்னால் முடியும். ஆகையால் அதிகாரிகளுக்கு நான் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்தது ஒன்றுதான்: இரண்டு வகுப்பை ஒன்றாக்கி என்னிடம் தாருங்கள், நெருக்கி உட்கார்ந்து படிப்போம். குழந்தைகள் அறையில் கை வைக்க வேண்டாம்.